மண்ணும் கார்பனும்: கேளுங்கள், சொல்கிறேன்

நான் முனைவர் பட்ட மாணவி. மண்ணில் கார்பன் எப்படித் தங்குகிறது, எப்படி வெளியேறுகிறது என்பதுதான் ஆய்வு.

கே: மரங்களைவிட மண்ணில் கார்பன் அதிகமாமே?
ப: ஆமாம். மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1,500 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) அங்ககக் கார்பன், அதாவது செடி, உயிர்களின் மிச்சத்திலிருந்து வந்த கார்பன். உலகத்துச் செடிகொடி மரம் அத்தனையும் சேர்ந்தாலும் அதில் பாதி தேறாது.

கே: எங்கள் நிலத்தில் அங்ககக் கார்பன் 0.6 சதவீதம் 0.8 ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, சரிதானே?
ப: பரும அடர்த்தி, அதாவது ஒரு கன செ.மீ. இடத்தில் எத்தனை கிராம் காய்ந்த மண் இருக்கிறது என்பது, எடுத்தீர்களா? சதவீதத்தை மட்டும் வைத்து நிலத்தில் மொத்தம் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அதை அடர்த்தியாலும் ஆழத்தாலும் பெருக்க வேண்டும். அடர்த்தி 1.4லிருந்து 1.2க்கு இறங்கியிருந்தால், 15 செ.மீ. ஆழத்தில் ஹெக்டேருக்கு 12.6 டன் 14.4 ஆகியிருக்கும், அதாவது ஏழில் ஒரு பங்குதான். அப்புறம், பொலபொலத்த மண் உப்பி நிற்கும் என்பதால் அதே ஆழத்துக்குப் பதில் அதே எடை மண்ணை ஒப்பிட வேண்டும், அப்போது கணக்கு மறுபடி மாறும்.

கே: இலைதழை மட்கி மண்ணில் சேரும் கருப்புப் பொருளான மட்கு ஆயிரம் வருஷம் அழியாதாமே?
ப: அழியாத பெரிய மூலக்கூறு என்று தனியாக ஒன்று மண்ணில் இருப்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நுண்ணுயிர்கள் தின்று, செத்து, அந்த மிச்சம் களிமண்ணிலும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கொள்வதால்தான் பெரும்பகுதி நீடிக்கிறது.

கே: அப்படியானால் எங்கள் ஆய்வகத்தில் வருஷக்கணக்காக மண்ணிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலம், அதாவது மட்கின் ஒரு கூறு என்று சொல்வது, பொய்யா?
ப: குடுவையில் இருப்பது நிஜம். pH 13 உள்ள கடுமையான காரத்தை ஊற்றி எடுத்தது மண்ணிலும் அப்படியே இருந்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மண் விஞ்ஞானிகள் லேமன், கிளேபர் இருவரும் 2015இல் நேச்சர் ஆய்விதழில் எழுதியதைப் படியுங்கள்.

கே: மண் கருப்பாக இருக்கிறதே, அது மட்கு இல்லையா?
ப: கருப்பு இல்லை என்று யார் சொன்னார்கள்? கரித்துண்டும் கருப்புதான். நிறத்தை வைத்து வேதியியல் பேச வேண்டாம்.

கே: நேச்சரில் வந்தால் வேதவாக்கா?
ப: இல்லை. எதிர்த்தும் எழுதியிருக்கிறார்கள், அதையும் படியுங்கள். ஆனால் "எங்கள் பேராசிரியர் சொன்னார்" என்பது மறுப்பாகாது.

கே: எனக்கு 1.1 சதவீதம் வந்திருக்கிறது, நல்லதா?
ப: பரும அடர்த்தி!

கே: எரித்து அளக்கும் கருவியில் வந்த எண்ணை அப்படியே போடலாமா?
ப: அது மொத்தக் கார்பன், சுண்ணாம்பில் இருப்பதும் சேர்ந்தது. மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட்டை நீக்காமல் அங்ககக் கார்பன் என்று எழுதாதீர்கள்.

கே: மண்புழு உரம் எவ்வளவு போடணும்?
ப: என் துறை இல்லை, வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

கே: கருவி எதுவும் இல்லாமல் மாணவர்கள் செய்ய ஏதாவது?
ப: தேயிலைப் பை. பச்சைத் தேயிலை ஒன்று, ரூய்போஸ் (தென்னாப்பிரிக்கச் செடியிலிருந்து வரும் சிவப்பு மூலிகைத் தேநீர்) ஒன்று, எடை பார்த்து 8 செ.மீ. ஆழத்தில் புதைத்து, 90 நாள் கழித்து எடுத்துக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். பச்சை வேகமாக மட்கும், ரூய்போஸ் மெதுவாக. காகிதப் பை வேண்டாம், பையே மட்கிவிடும்.