படகை ஓட்டியது யார், டீச்சர்?

கேள்வி: நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏப்ரல் லீவுக்கு இந்தியாவின் கோத்தகிரியில் இருந்து சின்னம்மா குடும்பம் வந்திருந்தது. மொத்தம் 11 பேர். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் ஒரு மோட்டார் படகை ஆறு மணித்தியாலத்துக்கு 40,000 ரூபாய்க்குப் பேசினோம். எங்களில் யாருக்கும் அதுவரை படகு எடுத்துப் பழக்கமில்லை. வாடகை முழுவதையும் முன்பணமாகக் கொடுத்து, மேலே 25,000 டிபோசிட்டும் கணவரின் அடையாள அட்டையும் கொடுத்தோம். சிங்களத்தில் இருந்த ஒரு தாளில் அவர் கையெழுத்தும் போட்டார். படகை ஓட்ட அவர்களே ஒரு பையனை அனுப்பினார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் தண்ணீருக்குள் இருந்த எதிலோ அடிபட்டு ப்ரொபெல்லர் உடைந்தது. சின்னம்மா மகன் விழுந்து காலில் ஆறு தையல். இப்போது முதலாளி 85,000 கேட்கிறார். டிபோசிட் போக 60,000 தந்தால்தான் அட்டையைத் தருவாராம். 'படகுக்கு என்ன சேதம் வந்தாலும் எடுத்தவர் பொறுப்பு, பயணிகளின் காயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அந்தத் தாளில் இருக்கிறதாம். (இடையில் என் தம்பி மகன் பத்து நிமிஷம் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்தான். ஆனால் அடிபட்டபோது இல்லை.) பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: டீச்சர், இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். வழக்கின் உயிர்நாடியை எப்போதும் அடைப்புக்குறிக்குள் போடுவது கட்சிக்காரர்களின் பழக்கம்.

நம் இலங்கையில் வாடகை ஒப்பந்தங்களுக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதில் பொருளை வாடகைக்கு எடுப்பது வேறு, ஆளோடு சேர்த்து வேலையை எடுப்பது வேறு. நுவரெலியா கிரகறி வாவியில் பெடல் படகை எடுத்து நாமே மிதித்தால் அது முதல் வகை. கவனக்குறைவாகக் கொண்டுபோய் இடித்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை, வேனை ஹயருக்குப் பிடிப்பது மாதிரி. ஹட்டனில் இருந்து கதிர்காமம் போகிற வேன் கல்லில் ஏறி டயர் வெடித்தால், டயர் காசைப் பின் சீட்டுப் பாட்டியிடமா கேட்பார்கள்? முதலாளி அனுப்பிய பையன் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளியே பொறுப்பு.

'தண்ணீருக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?' என்று அவர் கேட்கலாம். மவுசாகலையில் அந்தப் பேச்சு எடுபடாது. அந்த அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. வெயில் காலத்தில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் தலை காட்டும். அதைப் பார்க்கவே ஆட்கள் போவார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் அங்கே காசுக்குப் படகு விடுகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

சரி, அந்தத் தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு 'வாசிக்கவில்லை, மொழி தெரியாது' என்பதை மட்டும் நம்பி நீதிமன்றம் போக வேண்டாம். கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. நம் பாட்டன்மாரைக் கடன் சீட்டால் தோட்டத்தோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இலேயே ஒழிந்தது, ஆனால் நீட்டிய தாளில் போடும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. உங்களுக்குக் கைகொடுப்பது 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம். தன் கவனக்குறைவால் ஒருவருக்கு உயிரிழப்போ காயமோ வந்தால் அதற்குப் பொறுப்பில்லை என்று எந்தத் தாளில் எழுதினாலும் செல்லாது. சேதத்தை எல்லாம் வாடிக்கையாளர் தலையில் கட்டும் நிபந்தனை நியாயமானதாக இருந்தால்தான் நிற்கும். தன் ஆள் உடைத்ததற்கு உங்களிடம் பணம் கேட்பது எந்த வகையில் நியாயம்?

ஆகவே கேட்க வேண்டியவர் நீங்கள்தான். டிபோசிட் 25,000. ஆறு மணித்தியாலத்துக்குக் கொடுத்து ஒன்றரைதான் ஓடியது, அந்தக் கணக்கில் வாடகையில் 30,000. காலில் தையல் போட்டவரின் மருத்துவச் செலவும் நஷ்டஈடும் தனி, அதை அவர் பெயரில்தான் கேட்க வேண்டும்.

கடிதத்தில் லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு வரிகூட இல்லை. 11 பேருக்கும் கொடுத்தார்களா? 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை நீங்கள் வகுப்பிலேயே பேசியிருப்பீர்கள். உங்கள் கூட்டத்திலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். இந்தக் கேள்வியைப் படகில் ஏறும் முன் கேட்டிருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம், காப்புறுதி, உடைந்தால் யார் கட்டுவது என்பதையும்தான். முதல் தடவை, போகட்டும்.

முதலில் அட்டையை மீட்போம். அடையாள அட்டை அடகு வைக்கிற நகை இல்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள், அதையும் தமிழிலேயே சொல்லுங்கள். 1987இன் 13ஆம் திருத்தத்தில் இருந்து தமிழும் அரச கரும மொழி. வேறு மொழியில் எழுதினால் வாசித்து விளக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். இன்னொரு தாள் விவகாரம் நமக்கு வேண்டாம்.

அப்புறம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் ஒரு முறைப்பாடு. விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். சேவை கிடைத்த நாளில் இருந்து மூன்று மாதம்தான் அவகாசம். ஏப்ரல் நடுப்பகுதி என்றால் ஜூலை நடுப்பகுதியோடு அந்தக் கதவு மூடிவிடும். காயத்துக்கான நஷ்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருஷம் உண்டு. ஆனால் இப்படிச் சின்னத் தொகைகள் முதலில், பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிக்கு இடமில்லை, நீங்களே பேசலாம். என் பிழைப்புக்கு அது நல்லதல்ல, உங்களுக்கு நல்லது. முதலாளி மசியவில்லை என்றால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு வழக்குக்கு வாருங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இனி அந்தப் பத்து நிமிஷம். மறைக்காதீர்கள். அவர்கள் பக்கத்தில் இருந்து முதலில் வரப்போகும் கேள்வியே அதுதான். அந்த நேரத்தில் அடிபட்டிருந்தால் தவறில் ஒரு பங்கு உங்கள் பக்கம் வந்திருக்கும். பையன் ஸ்டியரிங்கைக் கொடுத்ததும் தவறு என்பதால் முழுவதும் வராது. அதற்குப் பிறகுதான் அடிபட்டது என்றால் அதைக் காட்ட வேண்டும். பிள்ளை முதல் தடவை படகு ஓட்டினால் யாராவது போனில் வீடியோ எடுத்திருப்பார்கள். அதை அழித்துவிடாதீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று அதிலேயே இருக்கும்.