மின் திட்ட மாடலில் நியாயம் எங்கே? கேள்வி பதில்

கேள்வி: எந்த மின்நிலையம் கட்டினால் செலவு குறையும் என்று பார்க்கும் கம்ப்யூட்டர் மாடலில் நியாயத்துக்கு என்ன வேலை? கரண்ட் எல்லோருக்கும் ஒன்றுதானே?

பதில்: 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையில் தினமும் 2 மணி நேர மின்வெட்டு, வெளி மாவட்டங்களில் 12 மணி நேரத்துக்கு மேல். தமிழ்நாட்டை ஒரே புள்ளியாக வைத்த மாடலில் மொத்தப் பற்றாக்குறை மட்டும்தான் தெரியும், அது யார் தலையில் விழுந்தது என்பது தெரியாது. கொடுக்க முடியாமல் போகும் யூனிட்டுக்கு ஒரு அபராத விலை வைப்போம் இல்லையா, அதை அந்தந்தப் பகுதியின் உற்பத்தி மதிப்பை வைத்துப் போட்டால் இன்னும் மோசம்: ஏழை மாவட்டத்தில் வெட்டுவதுதான் சிக்கனம் என்று மாடலே சொல்லிவிடும். யார் அறிக்கையை நீட்டினாலும் முதலில் கேளுங்கள், இதில் மாநிலத்தை எத்தனை புள்ளியாகப் பிரித்திருக்கிறீர்கள்?

கேள்வி: எந்த மென்பொருள் நல்லது?

பதில்: பைப்சா, ஓசிமோசிஸ் இரண்டுமே இலவசம். எத்தனை புள்ளி என்பதுதான் முக்கியம்.

கேள்வி: கரண்ட் பில் எப்போது குறையும்?

பதில்: கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேளுங்கள்.

கேள்வி: மலிவான திட்டத்தை முதலில் கட்டுவோம், ஏழைகளுக்கு அப்புறம் மானியம் கொடுத்தால் போச்சு. எதற்கு மாடலைக் குழப்புகிறீர்கள்?

பதில்: பொருளாதாரம் படித்தவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், சரி. வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து வீட்டுக்காரர் எல்லா யூனிட்டுக்கும் ஒரே ரேட் வாங்கினால் அந்த 100 யூனிட் யாருக்குப் போகிறது? அதை விடுங்கள், பில்லையாவது மானியத்தால் சரிக்கட்டலாம். எண்ணூரில் அனல் மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்ததற்கு எந்த மானியம்?

கேள்வி (அதே நபர்): எண்ணூரைத் தவிர்த்தால் செலவு ஏறும். அதையும் ஏழைதானே கட்டுவார்?

பதில்: இது கேள்வி! மிகக் குறைந்த செலவை விட ஒரு 5% கூடினால் பரவாயில்லை என்று மாடலுக்குச் சொல்லிப் பாருங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத திட்டங்கள் வந்து குவியும். சுமை ஒரே ஊரில் குவியாத திட்டத்தை அதிலிருந்து எடுக்கலாம்.

கேள்வி (இன்னொருவர், குறுக்கே): சுமை யார் மேல் விழுகிறது என்று பார்க்க, மாடலில் ஏழையின் ரூபாய்க்குக் கூடுதல் எடை கொடுப்பது, அதாவது அதைப் பெரிதாகக் கணக்கிடுவது, அரசியல், பொறியியல் அல்ல.

பதில்: எல்லோருக்கும் எடை 1 என்று வைத்தது மட்டும் யார், கம்ப்யூட்டரா? அரசுத் திட்டங்களை மதிப்பிட பிரிட்டிஷ் நிதித்துறை வைத்திருக்கும் வழிகாட்டியான கிரீன் புக், வருமானம் குறையக் குறைய எடை எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதற்கு 1.3 என்ற அடுக்கைப் பரிந்துரைக்கிறது. அதன்படி நடுத்தர வருமானத்தில் பாதி உள்ளவரின் ஒரு பவுண்டுக்குச் சுமார் இரண்டரை மடங்கு எடை. எண்ணை மறுக்கலாம், மறைக்காதீர்கள்.

கேள்வி: மொட்டை மாடி சோலார்?

பதில்: சொந்த மாடி இருப்பவருக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம். மாடி இல்லாதவருக்கு?

கேள்வி: பில் எப்போது குறையும்?

பதில்: மேலே பாருங்கள் சாமி.

கேள்வி: கினி குறியீட்டை மாடலில் சேர்த்தால் போதுமா?

பதில்: போதாது. கினி என்பது ஏற்றத்தாழ்வை அளக்கும் எண், எல்லோருக்கும் சமம் என்றால் பூஜ்யம். எல்லோருக்கும் 10 மணி நேரம் வெட்டினால் கினி பூஜ்யம், பிரமாதமான சமத்துவம்! எந்த மாவட்டத்துக்கும் கரண்ட் தினமும் இத்தனை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரம்பு போடுங்கள். அந்த வரம்பை இன்னும் ஒரு மணி நேரம் இறுக்கினால் மொத்தச் செலவு எவ்வளவு ஏறும் என்பதையும் மாடலே சொல்லும்.

கேள்வி: மாவட்ட வாரியாகத் தரவுக்கு எங்கே போவது?

பதில்: துணைமின்நிலையப் பதிவேட்டில் எந்த ஃபீடர் (அங்கிருந்து ஊருக்குள் போகும் மின்பாதை) எத்தனை மணிக்கு நின்றது, எப்போது திரும்பி வந்தது என்று எழுதி வைப்பார்கள். அனுமதி வாங்கி, ஒரு மாவட்டத்தை மட்டும் எடுத்து ஆரம்பியுங்கள்.