அம்மம்மாவின் றேடியோவுக்கு எந்த பற்றரி?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: அம்மம்மாவின் பழைய றேடியோவுக்கு நாலு பெரிய டி சைஸ் பற்றரி போட வேண்டும், அடிக்கடி மாற்றிக் கட்டுப்படியாகவில்லை, பழைய லப்டொப்பில் கழற்றிய லித்தியம் செல்களைக் கோத்து சார்ஜ் பண்ணுகிற மாதிரிச் செய்து தருகிறேன் என்று தம்பி சொல்கிறான், விடலாமா?

வேண்டாம். நாலு டி பற்றரி சேர்ந்தால் 6 வோல்ட். லித்தியம் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், இறங்கினால் 3. ஒன்று போதாது, ரெண்டைத் தொடராக வைத்தால் 8.4 வரை போகும், பழைய சுற்று அதைத் தாங்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வோல்டேஜைக் கூட்டுகிற சின்ன போர்ட் ஒன்றை நடுவில் வைக்கலாம்தான், ஆனால் அது செக்கனுக்கு லட்சக்கணக்கான தடவை சுவிட்ச் ஆகும், அந்த இரைச்சல் மத்திய அலையில் பேச்சை மூடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயது தெரியாத செல்லை வயதானவரின் கட்டில் அருகே வைக்க எனக்கு மனம் வராது.

திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி போடுங்கள். அது 1.2 வோல்ட்தானே, 1.5 வேண்டுமே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். சாதாரண பற்றரியும் பாதி தீர்ந்ததும் 1.2 பக்கம் வந்துவிடுகிறது, அப்போதும் றேடியோ பாடிக்கொண்டுதான் இருக்கிறது. இது அந்த 1.2ஐக் கடைசிவரை விடாமல் பிடித்து நிற்கும், அதுதான் வித்தியாசம்.

ஆனால் புறக்கோட்டையில் வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். உண்மையான டி சைஸ் செல் 150 கிராம் அளவில் கனக்கும். சிலது இறகு மாதிரி இருக்கும்: பெரிய கூட்டுக்குள் சின்ன செல் ஒன்றை வைத்து மூடியிருக்கிறார்கள், லேபிளில் 2500 மில்லி அம்பியர் மணி (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று போட்டிருந்தால் அநேகமாக அதுதான். அந்தக் காசுக்கு நல்ல டபுள் ஏ செல் நாலு வாங்கி, டி சைஸ் பிளாஸ்டிக் உறையில் செருகிப் போடலாம். றேடியோ 100 மில்லி அம்பியர் இழுத்தால் 2000 மில்லி அம்பியர் மணி செல் 20 மணி நேரம் வரும், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கேட்டால் ஐந்து நாள். ரெண்டு செட் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், ஒரு செட் எப்போதும் ஏறி இருக்க வேண்டும். சும்மா இருந்தால் சார்ஜ் அவ்வளவாக இறங்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். சார்ஜர், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து நிறுத்துகிறதாக இருக்கட்டும், லித்தியம் சார்ஜரில் இதைப் போடவே கூடாது.

அப்புறம், பின்பக்கம் அடப்டர் குத்துகிற துளை இருந்தால் அது உள்ளே இருக்கிற பற்றரியை சார்ஜ் பண்ணாது. அநேகமான றேடியோக்களில் பின்னைக் குத்தியதும் பற்றரியின் தொடர்பே அறுந்துவிடும்.

புது செல் போட்டும் சத்தம் மங்கலாக இருந்தால் செல்லைக் குறை சொல்லாமல் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கடற்காற்றில் அது துருப்பிடித்திருக்கும். அல்கலைன் கசிந்த வெள்ளைப் படிவு என்றால் பஞ்சில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் இன்னொரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.