மெக்கானிக்கலிலிருந்து மென்பொருளுக்கு: வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், வயது 34. முதலில் பம்பு தயாரிப்பு, பிறகு சர்க்கரை ஆலையில் பராமரிப்பு, இப்போது வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு. மென்பொருள் துறைக்கு மாற ஆசை. வேலையை விட்டுவிட்டு ஆறு மாத வெப் டெவலப்மென்ட் பயிற்சியில் சேரலாமா? மூன்று துறை மாறியது ரெஸ்யூமேயில் குறையாகத் தெரியுமா?

பதில்: மாறலாம். ஆனால் நீங்கள் சொல்லும் வழியில் வேண்டாம்.

ஆறு மாதம் படித்து வெப் டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பித்தால், கல்லூரியிலிருந்து நேராக வந்த 22 வயதுக்காரர்களோடு ஒரே வரிசையில் நிற்பீர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஜாவாஸ்கிரிப்ட்தான் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தெரியாத இயந்திர விஷயங்களை அங்கே யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை.

அந்த அனுபவம் நிரல் எழுதும்போது எப்படிக் கைகொடுக்கும் என்று கேட்கலாம். பராமரிப்பில் இருந்திருக்கிறீர்கள், அளந்ததை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்பும் சென்சார்களைப் பார்த்திருப்பீர்கள். 0 முதல் 10 பார் வரை அளக்கும் அழுத்த சென்சார் என்றால் 4 மில்லிஆம்பியர் 0 பார், 12 என்றால் 5 பார், 20 என்றால் 10 பார். பள்ளிக்கூடக் கணக்குதான், இரண்டு வரியில் நிரல் எழுதிவிடலாம். சரி, சென்சாரின் ஒயர் அறுந்துவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டம் 0. சூத்திரம் மைனஸ் 2.5 பார் என்று விடை சொல்லும். தொழிற்சாலைப் பக்கமே போகாத புரோகிராமர், அழுத்தம் மைனஸில் போகாதே என்று யோசித்து, மைனஸ் வந்தால் 0 என்று வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்ப்பார். நல்ல எண்ணம்தான். விளைவு என்னவென்றால், அழுத்தமே இல்லை என்று நம்பி பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அளவை 0-வில் தொடங்காமல் 4-இல் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணமே, ஒயர் அறுந்ததை உடனே கண்டுபிடிப்பதுதான். இது உங்களுக்குத் தெரியும். கோடிங் வகுப்பில் இதையெல்லாம் சொல்லித் தர மாட்டார்கள்.

1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனதும் கிட்டத்தட்ட இதே ஜாதிப் பிழையால்தான். ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடி என்ற அலகில் எண்களைக் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. நிரல் பாட்டுக்கு ஓடியது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் கோளாறு.

ஆகவே துறையையும் வேலையையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். துறை அப்படியே இருக்கட்டும், வேலை மட்டும் மாறட்டும். உற்பத்தியைக் கண்காணிக்கும் மென்பொருள், தர அளவீடுகளை அலசும் மென்பொருள், பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி), ஸ்கேடா (ஆலை முழுவதையும் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்), சோதனைகளைத் தானியக்கமாக்குவது என்று நிறைய இடம் இருக்கிறது. பி.எல்.சி.யில், படமாக வரைந்து நிரல் அமைக்கும் லேடர் வரைபடத்தோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பி.எல்.சி. மொழிகளுக்கான ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள, எழுத்தில் நிரல் எழுதும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டையும் பழகுங்கள். அது பாஸ்கல் மொழியை ஒட்டியது. அதில் கை பழகினால் மற்ற மொழிகள் அந்நியமாகத் தெரியாது. எம்பெடட் பக்கம், அதாவது கருவிக்குள்ளேயே இருக்கும் சில்லுக்கு நிரல் எழுதும் பக்கம், போக சி மொழியும் மின்னணுவியலும் ஆழமாக வேண்டும். உங்களுக்கு அதை முதல் படியாகச் சொல்ல மாட்டேன்.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. தினமும் அளவீடுகளை எக்ஸெல்லில் ஒட்டி, வரைபடம் போட்டு, சி.பி.கே. (உற்பத்தி எந்த அளவுக்கு வரம்புக்குள் நிற்கிறது என்று காட்டும் எண்) கணக்கிட்டு மேலே அனுப்புகிறீர்கள் அல்லவா? அதை பைத்தானில் எழுதுங்கள். முதல் முறை அசிங்கமாகத்தான் இருக்கும். ஒரு நாள் யாரோ அளவுக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘சரி’ என்று தட்டி வைப்பார், நிரல் விழுந்துவிடும். அதைச் சரிசெய்யும்போதுதான் உண்மையான பாடம் தொடங்கும். அப்புறம் எஸ்.கியூ.எல்., தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி. இதை ஏனோ எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்; தொழிற்சாலைத் தரவில் பெரும்பகுதி அதன் பின்னால்தான் இருக்கிறது. நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) கருவியைக் கண்டு மிரள வேண்டாம், டிராயிங்கில் ரிவிஷன் ஏ, பி, சி என்று போடுகிறீர்களே, அதே வேலைதான். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் புதுசு 2’ என்று கோப்பு வைத்திருப்பவர்களுக்காகவே அது பிறந்தது என்று நான் நினைப்பதுண்டு.

சிரமம் வேறு இடத்தில் வரும். இயந்திரத்தில் டாலரன்ஸ் உண்டு. தண்டு கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் ஓடும். மென்பொருள் அப்படி மன்னிக்காது. 1996-இல் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் திணிக்கப் போய், கிளம்பி ஒரு நிமிடம் ஆகும் முன்பே எல்லாம் முடிந்தது. அதனால் நிரலின் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் அதைச் சரிபார்க்கும் சோதனை நிரல் எழுதும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று துறை மாறியது குறையா? நிறுவனம் நிறுவனமாகப் பட்டியல் போட்டால் அலைந்தவர் மாதிரித்தான் தெரியும். மூன்று இடத்திலும் செய்தது ஒரே வேலை: ஏன் நின்றது, ஏன் அளவு தப்பியது என்று கண்டுபிடித்தது. அதை முதல் வரியில் எழுதுங்கள். மென்பொருளில் பிழை தேடுவதும் அதே வேலைதான். பல வகை ஆலைகளுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனத்துக்கு மூன்று துறை பார்த்தவர் வேண்டியவர்.

வேலையை இப்போது விடாதீர்கள். நீங்கள் எழுதியதை இன்னொருவர், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும், தினமும் பயன்படுத்த ஆரம்பிக்கட்டும். அதன் பிறகு விண்ணப்பிக்கலாம். முதலில் உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இடம் கேட்டுப் பாருங்கள். வெளியே போய்த் தொடக்க நிலையில் சேர்ந்தால் சம்பளம் குறையலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

இன்னொன்று: அலுவலகத்தில் எழுதிய நிரலையோ அங்குள்ள தரவையோ இன்டர்வியூவில் காட்ட எடுத்துப் போகாதீர்கள். அது நிறுவனத்தின் சொத்தாக இருக்கலாம். அதே கணக்கை, நீங்களே உருவாக்கிய எண்களை வைத்து, வீட்டில் புதிதாக எழுதிக் காட்டுங்கள். இரண்டாம் முறை எழுதும்போது நிரலும் முதலாவதைவிட நன்றாக வரும்.