லெகோலேண்ட் மலேசியா: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வர முடியுமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். பெரியவனுக்கு ஆறு நடக்கிறது, சின்னவளுக்கு மே கடைசியில் மூன்று முடிகிறது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நானும் கணவரும் பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் என் அண்ணன் வீட்டுக்கு ஒரு வாரம் போகிறோம். அங்கிருந்து தன் காரிலேயே காலையில் கிளம்பி, மலேசியாவில் இருக்கும் லெகோலேண்ட் என்னும் லெகோ கட்டைப் பொழுதுபோக்குப் பூங்காவைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்கிறார் அண்ணன். சரிப்பட்டு வருமா? சின்னவளுக்கு அங்கே ஏதாவது இருக்குமா?

பதில்: போய்வர முடியும். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். லெகோலேண்ட் இருக்கும் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் ஒரு ராத்திரி தங்குவதுதான் சரி. பார்க் பெரியது என்பதால் சொல்லவில்லை. எல்லைச் சாவடியும் சின்னவளின் மதியத் தூக்கமும்தான் காரணம்.

முதலில் கடிகாரம். சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பார்க் பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். அங்கே 10 என்றால் சேலத்தில் காலை ஏழரை. திறக்கிற நேரத்துக்கு வாசலில் நிற்க, அண்ணன் வீட்டிலிருந்து ஏழு, ஏழரைக்காவது கிளம்ப வேண்டும். அது உங்கள் பிள்ளைகளின் உடம்புக்கு விடியற்காலை ஐந்து மணி. சின்னவள் வீட்டில் மதியம் ஒரு மணிக்குத் தூங்குகிறவள் என்றால், அங்கே மூன்றரைக்குக் கண்ணைச் சொக்கும். அந்த நேரத்தில் தூங்காமல் அழுது, ஐந்தரைக்குக் காரில் ஏறியதும் தூங்கி, அரை மணி நேரத்தில் எல்லைச் சாவடியில் எழுப்பப்பட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் சிங்கப்பூர் போய் இறங்கிய மூன்றாவது நாளுக்கு முன்னால் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். திருச்சியிலிருந்து ராத்திரி விமானம் பிடிப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

அடுத்தது கார். நீங்கள் ஐந்து பேர், ஓட்டுகிற அண்ணனோடு ஆறு. ஐந்து இருக்கைக் காரில் இடமே இல்லை. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்கள் குழந்தை இருக்கையிலோ, உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கையிலோதான் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். அண்ணனிடம் ஏழு இருக்கை வண்டி இருந்தால் அவர் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய வண்டிக்கான விஇபி அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லாத வண்டிக்கு 2025 ஜூலை முதல் அபராதம் போடுகிறார்கள். சுங்கக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்க வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் பலர் மறந்து சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

வாடகை வண்டி என்றால் எல்லை தாண்டும் உரிமம் உள்ளதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் மலிவாகக் கிடைக்கும் வேன் வழியில் மடக்கப்பட்டால் பெட்டியும் பிள்ளையுமாக ரோட்டில் நிற்க வேண்டியிருக்கும். பேருந்தில் போனால் செலவு குறைவுதான். ஆனால் சிங்கப்பூர்ப் பக்கம் துவாஸ் சாவடியில் ஒரு தடவை, மலேசியப் பக்கம் இன்னொரு தடவை எல்லாப் பைகளோடும் இறங்கி ஏற வேண்டும். திரும்பி வரும்போதும் அதே கதை. மாமியாரை நினைத்தால் கார்தான் நல்லது. எப்படிப் போனாலும் உட்லண்ட்ஸ் பாலத்தை விட்டுவிட்டு துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகப் போங்கள். லெகோலேண்ட் இருக்கும் இஸ்கந்தர் புத்ரி அந்தப் பக்கம்தான்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இந்தியர்களுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாத நுழைவு தருகிறது. ஆனால் எம்டேக் என்னும் மின்னணு வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று தாளில் பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றிருந்தால் ஜோகூரிலிருந்து திரும்ப முடியாது. திரும்பும்போது சிங்கப்பூரின் வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும். விமானத்தில் வந்தபோது நிரப்பியது இதற்குச் செல்லாது.

இனி பார்க். 2012 செப்டம்பரில் திறந்தது, ஆசியாவின் முதல் லெகோலேண்ட். இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டியது. அதனால் உங்கள் பிள்ளைகளின் வயது பொருத்தமானதுதான். தலைகீழாகச் சுழற்றும் ராட்டினங்களை எதிர்பார்த்துப் போகிற பெரியவர்களுக்குத்தான் சப்பென்று இருக்கும்.

சின்னவளுக்கு என்ன கிடைக்கும் என்பதை வயதைவிட உயரம்தான் தீர்மானிக்கும். கொஞ்சம் வேகமான சவாரிகளின் கோடு பெரும்பாலும் 90 முதல் 120 சென்டிமீட்டருக்குள் விழும். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி மூன்று வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் 95 சென்டிமீட்டர். ஒரு மீட்டரைத் தொட மூன்றரை வயது தாண்ட வேண்டும். ஆறு முடிந்த பையனுக்கு நடுத்தர உயரம் 116. ஆகவே பெரியவன் ஏறுகிற சிலவற்றில் சின்னவளை நிச்சயம் நிறுத்துவார்கள். கெட்டிச் செருப்பு போட்டு ஏமாற்றப் பார்க்காதீர்கள். மடியை அழுத்திப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பி, குறிப்பிட்ட அளவு தொடையும் இடுப்பும் இருந்தால்தான் ஒழுங்காக உட்காரும். அதைவிடச் சிறிய உடம்பு வண்டி குலுங்கும்போது கம்பிக்கு அடியில் நழுவிவிடும். வீட்டிலேயே காலையில், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி அளந்து வையுங்கள். பார்க்கின் இணையதளத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் உயரம் போட்டிருப்பார்கள். எதில் ஏறலாம், எதில் கூடாது என்று பெரியவனுக்கு முன்கூட்டியே தெரிந்தால், வரிசையில் அரை மணி நேரம் நின்ற பிறகு வரும் அழுகை மிச்சம்.

சின்னவளுக்கு உரியவை டூப்லோ பகுதி, மெதுவாகச் சுற்றும் ரயில், மினிலேண்ட், கட்டை அடுக்கும் கூடங்கள். டூப்லோ கட்டை சாதாரண லெகோவைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு. மூன்று வயதுக்குள் இருப்பவர்கள் விழுங்கிவிட முடியாத அளவு. மினிலேண்டில் ஊர்களும் கட்டடங்களும் 20-ல் ஒரு பங்கு அளவில், சின்னவளின் கண்மட்டத்திலேயே நிற்கும். பெரியவர்கள் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிற அந்த இடத்தில் ஓடும் ரயிலையும் படகையும் பார்த்துக்கொண்டு குழந்தைகள் முக்கால் மணி நேரம் நிற்பார்கள். நிற்க விடுங்கள். மூன்று முடியும் முன் போனால் சின்னவளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லலாம், கையில் இருக்கட்டும்.

பெரியவனுக்கு டிரைவிங் ஸ்கூல். ஆறு முதல் பதின்மூன்று வரை பெரிய ஓட்டத்தடம், மூன்று முதல் ஐந்து வரை ஜூனியர் தடம். ‘ஆறு நடக்கிறது’ என்றால் அவர்கள் கணக்கில் ஐந்துதான், ஜூனியருக்கே அனுப்புவார்கள். ஆறு முடிந்த பிறகு போகிற மாதிரி தேதி வைக்க முடியுமானால் வையுங்கள்; சிக்னல், திருப்பம் எல்லாம் உள்ள பெரிய தடத்தில் ஓட்டுவதுதான் அவன் வயதுக்குச் சுவாரசியம். இங்கே ஒரு குழுவை உள்ளே விட்டு, விதிகளைச் சொல்லி, ஓட்டவிட்டு, வெளியே அனுப்பிய பிறகுதான் அடுத்த குழு. அதனால் வரிசை சிறியதாகத் தெரிந்தாலும் நகராது. கேட் திறந்ததும் எல்லாரும் வாசலில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்; நீங்கள் நேரே இங்கே வந்துவிடுங்கள். பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவது ஒன்றில்தான்: ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, நேராக்காமல் பெடலை அழுத்திக்கொண்டே இருப்பார்கள், வண்டி ஓரத்தில் போய் முட்டி நிற்கும். ‘திருப்பினால் திரும்ப நேராக்கு’ என்பதை ஒரு தட்டை வைத்தே வீட்டில் பழக்கிவிடலாம்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளையா? அப்படியானால் சுழலும் சவாரிகளையும் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டும் படத்தையும் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் மினிலேண்ட், ரயில் போதும்.

நீங்களும் கணவரும் மாறி மாறி ஒரு சவாரியில் ஏற விரும்பினால், வரிசைக்குள் நுழையும் முன்பே வாசலில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். ஒருவர் குழந்தையோடு நின்று, மற்றவர் வந்ததும் மறுபடி வரிசை நிற்காமல் ஏற விடும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்தில் ஏப்ரல், மே வெயில் 38, 40 என்று அடிக்கும்போது ஜோகூரில் 32, 33தான். குறைவுதானே என்று ஏமாறாதீர்கள். நம் ஊர் வெயில் வறண்டது, வியர்வை காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். அங்கே காற்றே ஈரம், வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், காயாது. பிள்ளை சிவந்து, துவண்டு, எரிச்சல் பட ஆரம்பித்தால் தாகம் முன்பே வந்துவிட்டது என்று பொருள். கேட்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு தண்ணீர் கொடுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு எடுத்துப்போங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ‘பாதி பாக்கெட், ஒரு டம்ளர்’ என்ற கணக்கில் உப்பு மிஞ்சிவிடும்.

மதியம் மூன்று, நான்கு மணிக்கு இடிமழை சகஜம். மின்னல் தெரிந்தால் வெளிச் சவாரிகளும் லெகோலேண்டின் நீர்ப்பூங்காவும் சேர்ந்து நின்றுவிடும். அப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கடைக்குள் புகுவார்கள். ஆகவே இரண்டு நாளை இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் காலை டிரைவிங் ஸ்கூலில் தொடங்கி வெளிச் சவாரிகள், கூட்டம் சேரும் முன் பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாடு, பிறகு குளிர்சாதனக் கூடங்கள், இரண்டு மணிக்கு ஹோட்டல், தூக்கம். இரண்டாம் நாள் காலை நீர்ப்பூங்கா, ஒரு மணிக்குள் குளித்து உடை மாற்றி, சாப்பிட்டு, மூன்றுக்குள் எல்லை. டிக்கெட்டை இரண்டு நாளுக்கும் சேர்த்து இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள், வாசலில் எடுப்பதைவிடக் குறையும். சில வார நாட்களில் ஏதாவது ஒரு பகுதி மூடியிருக்கலாம் என்பதால் உங்கள் தேதிக்குரிய நாட்காட்டியைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

செவ்வாய் முதல் வியாழன்வரை உகந்தது. ஜோகூரில் வெள்ளி, சனிதான் விடுமுறை, ஞாயிறு கூட்டம் இருக்காது என்று பழைய குறிப்புகளில் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். 2025 ஜனவரி முதல் அங்கேயும் சனி, ஞாயிறுதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை மே கடைசியில் தொடங்கும். அதற்கு முன் போய்வந்துவிடுங்கள்.

நீர்ப்பூங்காவில் பருத்தி உடையோடு இறங்காதீர்கள். நனைந்தால் கனத்துச் சறுக்கில் சிக்கும், பல இடங்களில் தடுப்பார்கள். கை, கால் மூடிய நைலான் நீச்சல் உடை மலேசியாவில் சர்வ சாதாரணம், கூச்சப்பட ஒன்றுமில்லை. சின்னவள் டயபர் போடுகிறாள் என்றால் நீச்சலுக்கான தனி டயபர் வேண்டும். சாதாரணமானது தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பிய்ந்துவிடும். உயிர்காப்பு அங்கி மாட்டினால் அலறுகிற பிள்ளையா என்பதை ஏற்காடு ஏரிப் படகிலேயே தெரிந்துகொள்ளலாம். அப்படியே ஒரு ஞாயிறு குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கும் கூட்டிப்போய், சின்னவள் எவ்வளவு நேரம் தானாக நடக்கிறாள் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் தூக்கச் சொன்னால் மடக்குத் தள்ளுவண்டி கட்டாயம். வாடகைத் தள்ளுவண்டி பார்க்குக்குள் மட்டும்தான். எல்லைச் சாவடியில் உதவுவது உங்களுடையதே. மாமியாருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமா என்று நுழையும்போதே கேட்டுவிடுங்கள். கௌரவம் பார்த்து மறுத்துவிட்டு மதியத்தில் முட்டியைப் பிடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

சைவம் என்றால் சம்பாலைத் தொடாதீர்கள், அதில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். நாசி லெமாக்கில் நெத்திலி. வெளிச் சாப்பாட்டைப் பார்க்குக்குள் விட மாட்டார்கள், ஆனால் குழந்தை உணவுக்குத் தடை சொல்வது அரிது. அண்ணன் வீட்டுக்கு மசாலா கட்டும்போது கசகசாவை மட்டும் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் பட்டியலில் வரும். பிள்ளைகளின் பையில் சூயிங் கம் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வீட்டில் அசல் லெகோ பொம்மை மனிதன் இருந்தால், தலை, உடம்பு, கால், முடி எல்லாம் பூட்டிய ஒன்றைப் பெரியவனின் பையில் போடுங்கள். ஊழியர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையில் இப்படி ஒரு பொம்மை ஒட்டியிருக்கும். ‘மாற்றிக்கொள்ளலாமா’ என்று பிள்ளை தானே கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். போலி பொம்மையை வாங்க மாட்டார்கள். கடையில் பெட்டி வாங்கினால், ஊர் திரும்பும் முன் பிரித்து, எண்ணிட்ட உள் பைகளையும் விளக்கப் புத்தகத்தையும் மட்டும் துணிகளுக்கு நடுவே வைத்து, அட்டையைத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். லெகோ பெட்டியில் பாதி இடம் காற்றுதான்.