இடுப்பு பிடித்துக்கொண்டால் படுத்தே கிடக்க வேண்டுமா?

குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, எத்தனை நாள் படுத்திருக்கணும், ஸ்கேன் எடுக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படுத்தே கிடக்காதீர்கள். முதல் ஓரிரு நாள் வலி அதிகமாக இருந்தால் கொஞ்சம் ஓய்வு, சரி. ஆனால் நாள்கணக்கில் அசையாமல் இருந்தால் தசைகள் இறுகிப் பலவீனமாகி, எழுந்திருப்பதே இன்னும் கஷ்டமாகிவிடும். தாங்கக்கூடிய அளவுக்கு வீட்டுக்குள் நடங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். இப்படித் திடீரென்று வரும் வலி பெரும்பாலும் தசை, தசைநார் சுளுக்குதான், 4 முதல் 6 வாரத்தில் பலருக்கும் தானாகவே குறைந்துவிடும்.

ஸ்கேன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் நிறையப் பேருக்கு வட்டு (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்) பிதுங்கியிருப்பது தெரியும், அது வயதோடு வரும் தேய்மானம், நரை மாதிரி, அதனால் அறிக்கையில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் அறுவை சிகிச்சை என்று பயந்துவிடாதீர்கள்.

அப்புறம், கால் பலவீனமாகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது அடக்க முடியவில்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்திருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.