மண்ணுக்கே திரும்பிப் போகிறாளா உங்கள் மகள்?

வணக்கம் அம்மா.

மகள் தாவர மரபியல் படிக்கலாமா என்று சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். "நல்ல துறைதான், படிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதெல்லாம் ஒரு பதிலா? வீட்டுக்கு வந்தும் மனசு உறுத்தியது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வாய்விட்டுக் கேட்டது சம்பளத்தை. ஆனால் கிளம்பும்போது ஒன்று சொன்னீர்கள்: "எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க சார். தோட்டத்த விட்டு வெளிய வர நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இவ திரும்ப மண்ணுக்கே போறேங்கிறா." உங்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். முதலில் இதைப் பேசிவிடுவோம்.

உங்கள் மகள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள், ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குப் பின்னால் நட்ட சோளம், அதாவது மக்காச்சோளம். அடியிலிருந்து கிளம்பிய பக்கக் கிளை ஒன்றின் உச்சியில், வெறும் பூக்கொத்து நிற்க வேண்டிய இடத்தில், பத்துப் பன்னிரண்டு மணிகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. நீங்கள் "பூச்சி விழுந்திருக்கும்" என்றீர்கள். அவள் "இல்லம்மா, ஆம்பளப் பூ பொம்பளப் பூவாயிடுச்சு" என்றாள். பிள்ளை சொன்னது சரி.

சோளத்தில் ஆண் பூ உச்சியில், பெண் பூ இடுப்பில் இருக்கும் கதிரில். ஆனால் தொடக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டுமே உருவாகின்றன. அப்புறம்தான் உச்சியில் பெண் பாகம் வளராமல் நின்றுவிடுகிறது, கதிரில் ஆண் பாகம் நின்றுவிடுகிறது. உச்சியில் பெண் பாகத்தை நிறுத்த ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் வேண்டும். அதைத் தயாரிக்க உதவும் மரபணு ஒன்று பழுதானால், உச்சிப் பூக்கொத்து முழுக்க மணி கட்டிவிடும். அந்த அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தால் மறுபடியும் ஆண் பூ வரும். அந்த மரபணு செய்யும் வேலை 2009-இல்தான் தெரியவந்தது. உங்கள் வீட்டுச் செடியில் மரபணுக் கோளாறு என்று பயப்பட வேண்டாம். பக்கக் கிளைகளில் இப்படி மணி பிடிப்பது சகஜம்.

இன்னொரு ஹார்மோன் ஜிப்ரலின். செடியை உயர்த்துவதும் அதுதான், கதிரில் ஆண் பாகத்தை அடக்குவதும் அதுதான். அதைத் தயாரிக்க முடியாத சோளம் முழங்கால் உயரத்துக்குக் குள்ளமாக நிற்கும், கதிருக்குள் மகரந்தப்பையும் எட்டிப் பார்க்கும். 1956-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபின்னி இப்படிப்பட்ட குள்ளச் செடிகளுக்கு ஜிப்ரலின் கொடுத்துப் பார்த்தார். சில வகைகள் சாதாரணச் செடி போலவே நெடுநெடுவென்று வளர்ந்தன. வேறொரு குள்ள வகை இருக்கிறது. அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் அசையாது. உள்ளே ஹார்மோன் ஏராளம், ஆனால் அது சொல்வதைக் கேட்க வேண்டிய புரதம் மாறிப்போயிருக்கும். சோறில்லாமல் மெலிந்த பிள்ளைக்கும், தட்டில் போட்டு வைத்தும் சாப்பிடாத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. பார்வைக்கு இரண்டும் ஒரே குள்ளம். எது எந்தக் குள்ளம் என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தப் படிப்பு.

இப்போது உங்கள் அம்மாவிடம் வருகிறேன். பால் வெட்டிய காலத்தில் பட்டையில் ஏதாவது மருந்து தடவச் சொன்னார்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எழுபதுகளுக்குப் பிறகு வேலை செய்தவர் என்றால் பெரும்பாலும் தெரிந்திருக்கும். அதன் பெயர் எத்திஃபோன். மரத்துக்குள் போனதும் எத்திலீன் வாயுவை வெளிவிடும். எத்திலீனும் ஒரு தாவர ஹார்மோன், வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே ஆள்தான். வெட்டுவாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்வதை அது தள்ளிப்போடும், பால் கூடுதல் நேரம் வடியும். பாட்டி கையால் தடவிய விஷயம் பேத்தியின் ஐந்தாம் படிவ உயிரியல் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக வந்திருக்கிறது. தடவு என்று மட்டும் பாட்டிக்குச் சொன்னார்கள். எவ்வளவு, எப்போது, ஏன் என்று முடிவு செய்யும் நாற்காலிக்குத்தான் பேத்தி போகப் பார்க்கிறாள்.

சோளத்தைப் படித்து மலேசியாவில் என்ன செய்வது என்றும் கேட்டீர்கள். நியாயம்தான். கோழித் தீவனச் சோளம் கிட்டத்தட்ட முழுவதும் நமக்குக் கப்பலில்தான் வருகிறது. ஆனால் சோளத்தில் கற்றது சோளத்தோடு நிற்காது. பார்பரா மெக்ளின்டாக் என்ற அம்மையார் 1940-களில் சோள மணிகளின் புள்ளிகளைப் பார்த்தே, மரபணுத் துண்டுகள் இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று கண்டுபிடித்தார். பல வருடம் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, 1983-இல்தான் நோபல் பரிசு வந்தது. சரி, அதற்கும் நமக்கும் என்ன? திசு வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துண்டிலிருந்து ஆய்வுக்கூடத்தில், உண்டாக்கிய செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகள் சில, நட்டுச் சில வருடம் கழித்துக் கோணல் காயாகக் காய்த்து எண்ணெய் இல்லாமல் போயின. பெரிய நஷ்டம். காரணத்தை 2015-இல் மலேசியச் செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். தாவும் துண்டு ஒன்றின் மேல் இருக்க வேண்டிய வேதியியல் பூட்டு கழன்றுபோயிருந்தது. அந்தத் துண்டின் பெயர் கர்மா. நான் வைத்த பெயர் இல்லை, விஞ்ஞானிகள் வைத்ததுதான். இப்போது கன்றின் இலையை வைத்தே முன்கூட்டிப் பார்த்துவிட முடியும்.

இனி சம்பளம். முதல் பட்டத்தோடு நின்றால் திசு வளர்ப்புக் கூடம், விதை, உரக் கம்பெனி, தோட்ட நிறுவனங்களின் தரப் பரிசோதனை, இப்படித்தான் வேலைகள் கிடைக்கும். தொடக்கச் சம்பளத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆராய்ச்சியாளர் என்று பெயர் வாங்க முதுகலையாவது வேண்டும், பெரும்பாலும் முனைவர் பட்டமும். அதாவது அவள் சம்பாதிக்கத் தொடங்குவது அக்கா தங்கைகளைவிடத் தாமதமாகலாம். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனை இப்போதே கணக்கில் வையுங்கள். "பேசாம டாக்டருக்குப் படிச்சிடலாமே" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. 2016-இல் அரசு மருத்துவர்களுக்கு ஒப்பந்த முறை வந்த பிறகு அங்கேயும் நிரந்தர வேலை கையில் வைத்த மாதிரி இல்லை.

எங்கே படிப்பது என்பது இரண்டாம் பட்சம். பயிர், வயல் என்று மனம் போனால் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகம். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடம், மார்டி என்ற அரசு விவசாய ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. மரபணு, ஆய்வுக்கூடம் என்றால் மலாயா பல்கலைக்கழகம். வீட்டிலிருந்து போய்வர வேண்டும் என்றால் பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் யூஎஸ்எம், அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவளோடு சண்டை போடுவேன். ஆறாம் படிவத்தில் கணிதத்தை விட்டுவிடலாம் என்று அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கூடவே கூடாது. 2009-இல் சோளத்தின் மரபுத்தொகுதியை, அதாவது அதன் மொத்த மரபுச் செய்தியை, படித்து வெளியிட்டார்கள்: ஏறக்குறைய 230 கோடி எழுத்துகள், 32,000-க்கு மேல் மரபணுக்கள். இதைக் கண்ணால் பார்த்துப் படிக்க முடியுமா? புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் தெரியாத தாவர மரபியலாளர் பாதி வேலைக்கு அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கும்.

அவளுக்கு இது உண்மையான ஆசையா, செடி மேல் பாசம் மட்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இனிப்புச் சோளம் எழுபது எழுபத்தைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பத்துச் செடிக்கு எண் கட்டச் சொல்லுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை உயரம், இலை எண்ணிக்கை, பூ வந்த தேதி, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் நோட்டில் எழுதட்டும். நீங்கள் ஞாபகப்படுத்தக் கூடாது. பூக்கும்வரை உற்சாகமாக எழுதிவிட்டு அப்புறம் பக்கம் காலியாகக் கிடந்தால், மருந்தியல் மாதிரி வேறு படிப்பைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம். கடைசி நாள்வரை எழுதியிருந்தால், அதிலும் ஏழாம் எண் செடி மட்டும் ஏன் பின்தங்கியது என்று ஓரத்தில் கேள்வி போட்டிருந்தால், தயவுசெய்து அவளைத் தடுக்காதீர்கள்.

அறுவடை முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். முடிந்தால் பாட்டியையும் அழைத்து வாருங்கள். அந்த மருந்தை எத்தனை நாளுக்கு ஒரு தடவை தடவினார்கள், எந்த மரத்துக்குத் தடவாமல் விட்டார்கள் என்று அவரிடம் எனக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.